ஆய்த்து அண்ணா

அவரிடம் எதைக் கேட்டாலும் கிடைக்கும். எப்போது என்று மட்டும் கேட்கக் கூடாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், "அண்ணா, ஞாயித்துக்கிழமை வீடு மாத்துறேன், ஒரு சின்ன வண்டி பிடிச்சுத் தர முடியுமா?" என்று கேட்டேன். "ஆய்த்து" என்றார். நான் வாணியம்பாடிக்காரி. எங்கள் ஊரில் ஒருவர் ஆச்சு என்று சொன்னால் ஆகிவிட்டது என்று அர்த்தம். அந்த நம்பிக்கையில் ஞாயிறு காலை ஈஜிபுராவில் பழைய வீட்டுச் சாவியை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, கட்டிலும் பீரோவும் அண்டாவும் தெருவில் கிடக்க, வண்டிக்காகக் காத்து நின்றேன். வண்டியையும் காணோம், அவரையும் காணோம். போன் செய்தால் தூக்கக் குரலில் "சொல்லும்மா" என்றார். "இன்னிக்கா?" என்று வேறு கேட்டார். நான் திட்டிய திட்டு தெருக்கோடி வரை கேட்டிருக்கும். எல்லாவற்றுக்கும் "ஆய்த்தும்மா, ஆய்த்தும்மா" என்றார். வெயில் ஏறிய பிறகு ஒரு டெம்போவோடு வந்து இறங்கி, டிரைவரும் அவருமாகவே பீரோவை மூன்றாவது மாடிக்குத் தூக்கினார்கள். சட்டை தொப்பலாக நனைந்து நின்ற மனிதரை மேற்கொண்டு திட்ட எனக்கு மனசு வரவில்லை.

கன்னடத்தில் ஆய்த்து என்றால் முடிந்தது என்றும் பொருள், சரி என்றும் பொருள் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் ஜோகுபாளையத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், மார்க்கெட்டில் உருது என்று ஆளைப் பார்த்து மொழி மாற்றுவார். இந்த ஒரு சொல்லை மட்டும் எந்த மொழியிலும் மாற்ற மாட்டார். எங்கள் அலுவலகத்தில் பெரிய அதிகாரியையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று விதி, பயம் வந்தால் மட்டும் சார். ஆனால் அவர் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் ஆய்த்து அண்ணாதான். தமிழும் கன்னடமும் தெரியாத ஒடிசாப் பெண்கூட அப்படித்தான் கூப்பிடுவாள்.

ஒரே முகூர்த்தத்தில் மூன்று கல்யாணங்களுக்கு வருகிறேன் என்று சொல்லிவிடுவார். மூன்றுக்கும் போய், மூன்றிலும் பந்தியில் உட்கார்ந்து எழுந்து, மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலைக்கு வருவார். ஷிஃப்ட் மாற்றிக்கொள்ளச் சொல்லி இரண்டு பேர் கேட்டால் இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு, இரண்டு ஷிஃப்டையும் தானே பார்ப்பார். அலுவலகத்துக்குக் கீழே இருந்த தர்ஷினி ஓட்டலில் காபி இல்லை, டீதான் என்றால் ஆய்த்து. டீயும் ஆறிப்போயிருந்தால் அதுவும் ஆய்த்து. "உங்கள மாதிரி இளிச்சவாய ஊர்ல பாத்ததில்லண்ணா" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். அதற்கும் சிரித்துக்கொண்டே அதே பதில்தான்.

அவருடைய பெண்ணின் நிச்சயதார்த்தத்துக்கு ஜோகுபாளையம் வீட்டுக்குப் போயிருந்தேன். சின்ன வீடு, கூடம் முழுக்க ஆட்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்ததும் அவர் மனைவி அடுக்களை வாசலில் நின்று கேட்டார்.

"காபிக்குச் சொல்லிட்டீங்களா?"

"ஆய்த்து."

"ஆச்சா, இனிமேதான் ஆகணுமா?"

அவர் ஒரு கணம் யோசித்தார். "இனிமேதான்" என்றார்.

கூடமே சிரித்தது. அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "இவுருகிட்ட எப்பவும் ரெண்டு வாட்டி கேக்கணும்மா. மொத வாட்டி சொல்றது நம்ம மனசு நோவக்கூடாதுன்னு சொல்றது" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். அலுவலகத்தில் அவரிடம் இரண்டாம் முறை கேட்கும் பழக்கம் எங்களில் யாருக்கும் இல்லை.

எங்கள் அலுவலகம் என்றால் வெளிநாட்டு வங்கி ஒன்றின் பின்கட்டு. கவுன்டரும் கிடையாது, வாடிக்கையாளரும் கிடையாது. ரிங் ரோட்டில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் நாள் முழுக்கக் கணினியைப் பார்த்துக்கொண்டிருப்போம். எங்கள் தளத்துக்குக் கப்பல் சரக்குகளுக்கான பணம் வரும். எங்கோ ஒருவன் எண்ணெய் விற்கிறான், இங்கே ஒருவன் வாங்குகிறான். பணம் கைமாறுவதற்குள் விற்பவன் யார், கப்பல் யாருடையது, எந்தத் துறைமுகத்தில் ஏற்றியது, இதில் எந்தப் பெயராவது அரசாங்கங்கள் போட்டிருக்கும் தடைப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். தடை விழுந்த கப்பல்கள் சும்மா இருப்பதில்லை. பெயரை மாற்றி, கொடியை மாற்றி, புதுச் சாயம் அடித்துக்கொண்டு மறுபடி கடலில் இறங்கிவிடும். ஆனால் கப்பல் கட்டும்போதே அதற்கு ஒரு எண் கொடுக்கிறார்கள். அதை மட்டும் மாற்ற முடியாது. அந்த எண்ணை வைத்துத்தான் எங்கள் பிழைப்பு. உலகத்தில் எங்கே சண்டை மூண்டாலும் எங்கள் தளத்தில் வேலை கூடும்.

ஒருநாள் நாங்கள் இருவரும் வந்த அலுவலக கேப் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நகராமல் நின்றது. எரிச்சலில் அவரைப் பிடித்துக்கொண்டேன். "ஒருத்தர்கிட்டயாவது முடியாதுன்னு சொல்லிப் பாருங்களேன். நாக்கு அழுகியா போயிடும்?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் சின்னப் பையனா இருக்கசொல்லோ, தண்ணித் தகராறு டைம்ல, எங்க வூட்டுக் கதவத் தட்டினாங்கம்மா. ஒரு கும்பல். எங்கப்பா கதவத் தொறந்து, அவங்க இன்னா சொன்னாலும் ஆய்த்து ஆய்த்துன்னாரு. போயிட்டாங்க. எதிர் வூட்டுக்காரரு நியாயம் பேசினாரு. அவுரு கடையே காலி." ஜன்னல் கண்ணாடியை ஏற்றினார். "வாசல்ல வந்து நிக்கறவன்கிட்ட இல்லேன்னு சொல்ல எனக்கு பயம்மா. அவ்ளோதான்."

அதுவரை அதை நல்ல குணம் என்று நினைத்துக் கிண்டல் செய்துகொண்டிருந்தேன். அது பயம் என்று தெரிந்ததும் எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அவர் யாரிடம் அந்தச் சொல்லைச் சொன்னாலும் அவர் முகத்தைப் பார்ப்பேன். சிரிப்பு இருக்கும். கண் மட்டும் எதிரில் இருப்பவனின் கையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

வளைகுடாப் பக்கம் சண்டை மூண்டு காஸ் கப்பல்கள் வருவது குறைந்திருந்த சமயம் அது. ஊரெங்கும் சிலிண்டருக்குத் தட்டுப்பாடு. கீழே தர்ஷினியில் தோசை, பூரி கிடையாது என்று சீட்டு ஒட்டிவிட்டார்கள். மங்களூர் துறைமுகத்துக்கு வெளியே ஒரு காஸ் கப்பல் வந்து நின்றது. பணம் வந்து சேர்ந்தால்தான் சரக்கை இறக்குவேன் என்று விற்றவன் சொல்லிவிட்டான். அந்தப் பணம் எங்கள் தளத்துக்கு வந்தது. காலையில் நான்தான் பார்த்தேன். கப்பலின் பெயர், விற்பவன் பெயர், எதிலும் பிசகில்லை. சரி என்று அனுப்பிவிட்டேன். என் கையை விட்டுப் போனதும் அது ஆய்த்து அண்ணாவின் கணினிக்குப் போய் வரிசையில் நிற்கும். மதியம் குறித்த நேரம் வந்ததும் தானாகக் கிளம்பிவிடும். இடையில் நிறுத்த வேண்டுமென்றால் அவர்தான் ஹோல்ட் போட வேண்டும். என்னால் முடியாது.

சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோது புதிய தடைப் பட்டியல் வந்திருந்தது. அன்றைய கப்பல்களை அதோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தேன். ஒரு எண்ணில் கண் நின்றது. பெயர் வேறு, கொடி வேறு. எண் மங்களூரில் நிற்கும் கப்பலின் எண்.

எண்ணை மறுபடி ஒருமுறை ஒப்பிட்டேன், அதேதான். அந்தப் பணம் போய்ச் சேர்ந்தால் வங்கிக்குப் பெரிய அபராதம் விழும். அதைக் காலையில் சரி என்று அனுப்பியவள் நான். அப்போது என் கணவரின் கம்பெனியில் ஆட்குறைப்பு நடந்து அவர் வேலை போய், குழந்தையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தார். சந்தாபுராவில் ஒரு ஃபிளாட்டுக்கு எங்கள் இருவர் சேமிப்பையும் கொட்டிவிட்டு, மீதி எல்லாவற்றுக்கும் என் சம்பளத்தை நம்பியிருந்தோம். வேலை போனால் அந்த வீடும் போய்விடும்.

எழுந்து நின்று தடுப்புக்கு மேலே எட்டிக் கத்தினேன். "அண்ணா! அந்த மங்களூர் காஸ் கப்பல், ஹோல்ட் போடுங்க. உடனே!"

அவர் காதில் போன் இருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆய்த்து" என்றார்.

நான் உட்கார்ந்து, பணத்தை நிறுத்தியாகிவிட்டது என்று லண்டனில் இருந்த மேலிடத்துக்கு எழுதி அனுப்பினேன்.

போனின் மறுமுனையில் இருந்தவர் மங்களூர்க் கிளையின் அதிகாரி. அவர் கேட்டது நான் கேட்டதற்கு நேர் எதிர். கப்பல் கடலில் நிற்கிறது, ஊரில் அடுப்பு எரியவில்லை, தயவுசெய்து இன்றைக்கே பணத்தை அனுப்பிவிடுங்கள் என்று கன்னடத்தில் மன்றாடிக்கொண்டிருந்தார். அவருக்கும் ஆய்த்து, எனக்கும் ஆய்த்து. ஹோல்ட் போட வேண்டுமானால் அந்த ஆளிடம் முடியாது என்று சொல்லிவிட்டு போனை வைக்க வேண்டும். அதுதான் அவருக்கு வரவில்லை. மௌஸ் மேல் கையை வைத்துக்கொண்டு, "ஹௌது சார், ஆய்த்து சார்" என்று ஆமாம் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார், அந்த மனிதர் தானாகப் பேச்சை முடிப்பார் என்று. அவர் முடிக்கவில்லை. நேரம் வந்தது. பணம் கிளம்பிவிட்டது.

என் இடத்துக்கு அவர் நடந்து வந்தபோதே முகம் சாம்பலாக இருந்தது.

"போயிடிச்சும்மா."

"என்ன போயிடுச்சு?"

"காஸ் கப்பல் துட்டு."

"ஆய்த்துன்னு சொன்னீங்களே!"

"போடறேன்னு சொன்னேம்மா…"

நான் என்ன பேசினேன் என்று எனக்கே ஞாபகமில்லை. அவரைப் பிடித்து உலுக்காத குறை. டாலர் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் நியூயார்க் வழியாகத்தான் போகும். எங்களுக்கு மதியம் என்றால் அங்கே விடியற்காலை. அங்குள்ள வங்கி இன்னும் கதவு திறக்கவில்லை. எங்களுக்கு இருந்த ஒரே பிடி அதுதான். பணத்தை மேலே அனுப்ப வேண்டாம், அங்கேயே பிடித்து வையுங்கள் என்று செய்தி அனுப்பிவிட்டு, அவர்கள் வேலைக்கு வரக் காத்திருந்தோம்.

தளத்தில் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். இருவரும் ஒரே கணினியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யாரோ வைத்துவிட்டுப் போன டீயில் ஏடு படிந்துவிட்டது. "நீ வூட்டுக்குப் போம்மா, குழந்த தேடும். நான் பாத்துக்கறேன்" என்றார்.

"நீங்க பாத்துக்கிட்டது போதும்."

அவர் வாய் திறந்தது. "ஆ" என்று தொடங்கி, பாதியில் விழுங்கிக்கொண்டார்.

வெளியே விளக்குகள் எரிந்த பிறகு பதில் வந்தது. பணம் அவர்களிடமே நிற்கிறது, மேலே போகவில்லை. நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். திரும்பி வந்தபோது அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் வந்தது. பாவமாகவும் இருந்தது.

மழை விட்டும் தூவானம் விடவில்லை. பணம் பிழைத்தாலும் லண்டனுக்குக் கணக்கு நேராகவில்லை. நிறுத்தியாகிவிட்டது என்று எழுதியிருக்கிறாள், நிறுத்தப்படவில்லை, இது யார் தவறு என்று கேட்டார்கள். ஒரு சொல்லுக்கு எங்கள் ஊரில் ஒரு அர்த்தம், பக்கத்து ஊரில் இரண்டு அர்த்தம் என்று லண்டன்காரனுக்கு எழுதி அனுப்ப முடியுமா? அவர்களுக்கு ஒரு கழுத்து வேண்டியிருந்தது. எங்கள் தளத்துக்குத் தலைவர் மைசூர்க்காரர், தமிழும் பேசுவார். அவருக்கு ஆய்த்து அண்ணாவை ரொம்பப் பிடிக்கும். யாருக்குத்தான் பிடிக்காது? என்னை யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காது. என் வாய் அப்படி.

எங்கள் இரண்டு பேரையும் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்கள். சுவரில் இருந்த திரையில் ஹெச்ஆர் பெண் ஒருத்தி தெரிந்தாள். மேஜை மேல் ஒரு காகிதம் ஏற்கெனவே தயாராக இருந்தது. அண்ணா கையெழுத்துப் போட வேண்டிய வாக்குமூலம். தலைவர் அதை வாசித்தார். "அன்று பணத்தை நிறுத்தும்படி என்னிடம் யாரும் சொல்லவில்லை." இதுதான் சாரம், மற்றதெல்லாம் ஜோடனை.

"பொய்!" என்றேன். "தளத்துக்கே கேக்கிற மாதிரி கத்தினேன் சார்!"

"எல்லாரையும் கேட்டாச்சு. ஹெட்செட் போட்டிருந்தாங்களாம், யாருக்கும் கேக்கலையாம். நீங்க ஆமேலெ, அப்புறம் பேசுங்க." கையைக் காட்டி என்னை அடக்கிவிட்டு அவர் பக்கம் திரும்பினார். "அண்ணா, ஒரு சைன். உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது. மகளுக்குக் கல்யாணம் வேற வெச்சிருக்கீங்க."

அண்ணா பேனாவை வாங்கினார். அவரிடம் ஒன்றைக் கேட்டால் என்ன பதில் வரும் என்று அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். தலைவருக்கும் தெரியும். அதனால்தான் காகிதத்தை முதலிலேயே அடித்து வைத்திருந்தார். நான் மனசுக்குள் சந்தாபுரா வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்தேவிட்டேன்.

அவர் காகிதத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலைவரின் கையைப் பார்த்தார்.

"ஆகல்ல சார்."

தலைவருக்குக் காதில் சரியாக விழவில்லை போலிருக்கிறது. "ஏனு?" என்றார்.

"ஆகல்ல."

முடியாது என்று அர்த்தம். பேனாவைக் கண்ணாடி மேஜையில் வைத்துவிட்டார். வீரமாகவெல்லாம் சொல்லவில்லை. பயத்தில் உதடு காய்ந்து, எச்சில் விழுங்கி விழுங்கிச் சொன்னார். "அவங்க சொன்னாங்க சார். எனக்குக் கேட்டுச்சு. ஆய்த்துன்னு சொன்னேன். செய்யல." திரையில் இருந்தவள் இவர் என்ன சொல்கிறார் என்று இங்கிலீஷில் கேட்டாள். தலைவர் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டார்கள். அவரிடம் அன்று மதியமே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். சாப்பாட்டுப் பையோடு லிஃப்ட்டுக்கு நின்றவரிடம் ஓடினேன். நன்றி சொல்லத்தான் ஓடினேன். வாயைத் திறந்தால் வேறு வந்தது.

"ஏண்ணா இப்படிப் பண்ணீங்க? பொண்ணு கல்யாணத்த வெச்சுக்கிட்டு!"

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "நீ சொன்னியேம்மா" என்றார். "என் காதுல விழுந்துச்சே."

லிஃப்ட் வந்தது, ஏறிக்கொண்டார்.

திங்கட்கிழமை தலைவர் என்னைக் கூப்பிட்டார். புது ஆள் எடுக்க மேலிடம் சம்மதிக்கவில்லை, இனிமேல் அண்ணா பார்த்த வேலையையும் நானே சேர்த்துப் பார்க்க வேண்டும், அவர் இடத்துக்கே மாறிக்கொள்ள வேண்டும் என்றார். கேட்கும்போதே தெரிந்தது, அது இரண்டு ஆள் வேலை என்று. ஒருவர் பார்த்ததை இன்னொருவர் நிறுத்தத்தான் இரண்டு ஆட்களை வைத்திருந்தார்கள். அதைச் சொல்ல வேண்டும், அந்த நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றும் சொல்ல வேண்டும் என்று வாய் வரை வந்தது. தலைவர் என் பதிலுக்காகக் காத்திருந்தார். நான் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சரி சார்" என்று சொல்லிவிட்டு, என் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அண்ணாவின் இடத்துக்குப் போய் உட்கார்ந்தேன்.